கூரைப் பாலமும் பரமேஸ்வரியின் கழிவு ஒயிலும்

பரமேஸ்வரியைப் பிடிவாதக்காரி என்று சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் எங்கள் ஓடைக்கு மேல் நிற்கும் கூரை போட்ட மரப்பாலத்தைப் போன வருடமே பிரித்து விறகாக்கியிருப்பார்கள்.

டென்மார்க்கின் யூலண்ட் நாட்டுப்புறத்தில் எங்களுடையது சின்ன ஊர். தமிழ் வீடு என்றால் அவளுடையதும் என்னுடையதும்தான். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். மழையோ பனியோ, சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தப் பாலத்தால்தான் போவாள்.

மரம் உக்கிவிட்டது, ஒருவரும் போவதுமில்லை, இடித்துவிட்டு இரும்பில் ஒன்று போடுகிறோம் என்றது கொம்யூன் என்கிற உள்ளூராட்சி சபை. ஊர்க் கிழவர்கள் சங்கம் வைத்து எதிர்த்தார்கள். தலைவர் ஹென்னிங், பழைய தச்சர். பரமேஸ்வரியும் போய்ச் சேர்ந்தாள்.

"உனக்கேன் பிள்ளை இந்த வேலை?" என்று கேட்டேன்.

"நீங்கள் காரிலை போறனீங்கள் அண்ணை. உங்களுக்கு மழை எங்கை தெரியப்போகுது?"

இனியும் உக்காமல் பாலத்தின் அடிமரத்துக்கு என்ன பூசுவதென்று சங்கத்தார் கோப்பி குடித்துக் குடித்துக் கதைத்தார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கறையான் ஏறாமல் வீட்டின் கப்புத் தூணுக்கும் கூரை வளைக்கும் கழிவு ஒயில் பூசுவார்கள். அந்த நினைப்பில், புருசனின் வான் எஞ்சினிலிருந்து மாற்றி வைத்திருந்த கறுத்த ஒயிலைக் கொண்டுபோய், ஒருவரிடமும் கேட்காமல் அடிமரமெல்லாம் பூசிவிட்டாள்.

அன்றே சாரல் அடித்தது. ஓடை முழுக்க எண்ணெய்ப் படலம் மினுங்கியது. கொம்யூன் ஆட்கள் ஓடி வந்து தண்ணீரில் மிதவைத் தடுப்புப் போட்டு, பாலத்தின் இரண்டு வாசலிலும் நாடா கட்டினார்கள்.

ஹென்னிங் அவள் வீட்டுக்கே வந்தார். "கொஞ்ச நாளைக்கு நீ வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது" என்றார்.

"பிழை விட்டது நான். துடைக்கிறதும் நான்தான். நாளைக்கு வாறன்" என்றாள் அவள்.

சொன்னபடியே போனாள். தன் விடுமுறையெல்லாம் அந்த மரத்தைச் சுரண்டித் துடைத்தாள். ஏணி பிடிக்க நானும் போனேன், திட்டிக்கொண்டே.

"வாயைக் குறைச்சுக்கொண்டு துணியைத் தாங்கோ அண்ணை."

ஓடை தெளிந்து நாடாவையும் அவிழ்த்த பிறகு ஊர்க்கூட்டம் நடந்தது. கொம்யூன் அதிகாரி எழும்பி, "ஊராரின் கையில் விட்டால் என்ன நடக்குமென்று பார்த்தீர்கள்தானே? இடிப்பதுதான் பாதுகாப்பு" என்றார். சங்கத்துக் கிழவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பரமேஸ்வரி எழும்பினாள். அவளுடைய டெனிஷ் நொண்டும். நொண்டினாலும் நிற்காது.

"ஒயில் பூசினது நான். தண்டிக்கிறதெண்டால் என்னைத் தண்டியுங்கோ. பாலம் உங்களுக்கு என்ன செய்தது? ஒருத்தரும் வாறதில்லை எண்டு சொல்லுறியள். வாற ஞாயிறு வந்து பாருங்கோ!"

திரும்பிக் கதிரையில் இருந்ததும் என் காதுக்குள் கேட்டாள். "அண்ணை, இஷொய் ரவுணிலை இருக்கிற உங்கடை தமையனிட்டைச் சொல்லி, அங்கத்தைத் தமிழ்ச் சனத்தை ஏத்த ஒரு பஸ் பிடிக்கேலுமே?"

"அடி விசரி, ஒரு ஏற்பாடும் இல்லாமலே உப்பிடிக் கத்தினனீ?"

"ஞாயிறுக்கு இன்னும் நாள் கிடக்குத்தானே."

பஸ் வந்தது. மழையும் வந்தது. வந்த சனம் முழுக்கப் பாலத்துக்குள் ஏறிக் கூரைக்குக் கீழே வரிசையாக நின்று, புட்டும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டது. என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்க்க வந்த ஊர் டெனிஷ்காரர்கள் உறைப்பு ரோல்ஸைக் கடித்துவிட்டுத் தண்ணீர் தேடினார்கள். கூரை வளையில் செதுக்கியிருந்த பழைய தச்சர்களின் பெயர்களை ஹென்னிங் ஒவ்வொருவருக்கும் தடவிக் காட்டினார்.

அதிகாரியும் வந்தார். குடையோடு வெளியிலேயே நின்றார்.

"நனையாதேங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்றாள் பரமேஸ்வரி. "இடிச்சால் பிறகு ஒதுங்க இடமிராது."

அவர் குடையை மடக்கினார்.

இடிப்பதை இரண்டு வருடத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை சங்கமே பழுது பார்க்கலாமாம். அதிகாரிக்கு நன்றி சொல்லிவிட்டு வா என்று ஹென்னிங் அவளைக் கேட்டுக்கொண்டார்.

"இடிக்கமாட்டம் எண்டு சொல்லட்டும். அப்ப சொல்லுறன்."

இன்னும் சொல்லவில்லை.