படகில் அடைத்த ஈரச் சாக்கு

எனக்குச் சொந்த ஊர் கூடலூர். மலைமேல் பெரியாறு ஏரியில், ஒரு தோட்டத்துரையின் படகில் சமையல்காரனாக இருக்கிறேன். படகோட்டி மாயாண்டி அண்ணன் தினமும் கடுங்காப்பி கேட்டு வந்து நிற்பார்; நான் அவரை ஏசாத நாளில்லை.

போன ஆடியில் படகின் சமையலறையில் இருந்த பழைய ஐஸ் பெட்டியை எடுத்துவிட்டு, அடியில் எரியும் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் ஓடும் குளிர்பெட்டியை வைத்தார்கள். ஏரிக்காற்றில் திரி அணைந்துகொண்டே இருந்தது. உள்ளே துரைக்கு வாங்கிய கறி கெட்டுவிடுமே என்று பயந்து, ஆடிக் காற்றுக்கு எங்கள் ஊர் வீடுகளில் செய்வதையே செய்தேன். ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரச் சாக்கை அடைத்து, கதவையும் தாழிட்டேன். விளக்கு அணையவில்லை, ஆனால் சுடர் மஞ்சளாகிப் புகைந்ததை நான் கவனிக்கவில்லை. தலை கனத்தது. உரித்த வெங்காயத்தின் நெடி என்று நினைத்தேன். அப்புறம் நினைவில்லை.

கண் விழித்தபோது மேல்தட்டில் கிடந்தேன். மாயாண்டி அண்ணன் என் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்.

"காப்பி கேட்டுக் கதவத் தட்டுனேன், ஒன் ஏச்சு சத்தத்தக் காணோம். அதான் ஒடச்சுட்டேன். ஏலே, இம்புட்டுச் சாக்க அடச்சா மனுசன் எப்பிடி மூச்சு விடுவான்?"

இப்போதெல்லாம் ஜன்னலைச் சாத்துவதில்லை. திரி அணைந்தால் மறுபடி ஏற்றுகிறேன். காப்பியைச் சுடச்சுட வைத்துக்கொண்டு, அண்ணன் வந்து நச்சரிப்பதற்காகத் தினமும் காத்திருக்கிறேன்.