பள்ளிக்கூடத்துச் சிலுவை

அது 1946ஆம் ஆண்டின் தவக்காலம். தம்பி முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்கான புதுநன்மைச் சீட்டில் ஆண்டு எழுதியிருப்பதால் இதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் ஐந்தாம் வகுப்பு, அவன் இரண்டாம் வகுப்பு. ஏலாக்குறிச்சிக்கு வடக்கே எங்கள் ஊர். அங்கிருந்து போர்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன கிறிஸ்தவப் பிள்ளைகள் நாங்கள் இருவர்தான்.

மத்தியானம் புங்கமரத்தடியில் தூக்குப்போணியைத் திறக்குமுன் நான் நெற்றி, நெஞ்சு, இரு தோள் தொட்டுச் சிலுவை வரைந்தால், கூட உட்கார்ந்திருக்கும் மூன்று சிறுமிகளும் எழுந்துவிடுவார்கள். “வேதக்காரி மந்திரம் போடுறாடி, நம்ம சோத்துல பட்டுறப் போவுது” என்று ஒருத்தி மூக்கைப் பொத்துவாள். ஒரு வாரம் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன். நெற்றியில் வியர்வையைத் துடைப்பேன். நெஞ்சில் ஒட்டாத பருக்கையைத் தட்டுவேன். பிறகு இடது தோளில் ஓர் ஈயை ஓட்டுவேன், வலது தோளில் ஓர் ஈயை ஓட்டுவேன். கடவுளுக்கும் குறை வைக்கவில்லை, தோழிகளுக்கும் குறை வைக்கவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறன்று கோவிலில் புதுநன்மைப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. தம்பிக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. பங்குச் சாமியார் அவனை முன்னால் கூப்பிட்டு, சிலுவை போடச் சொன்னார்.

தம்பி யோசித்தான். “எது சாமி? வூட்டுச் சிலுவையா, பள்ளிக்கூடத்துச் சிலுவையா?”

சாமியார் இரண்டையும் போடச் சொன்னார். முதலாவதை ஒழுங்காகப் போட்டான். இரண்டாவதற்கு நெற்றியைத் துடைத்து, சட்டையைத் தட்டி, இரண்டு தோளிலும் ஈ ஓட்டினான். கோவிலே சிரித்தது. சாமியார் சிரிக்கவில்லை.

“யாருடா சொல்லிக் குடுத்தா?”

“அக்கா.”

“ரெண்டும் ஒண்ணானப்புறம் வா. இல்லாட்டி அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

வீடு வரை அவன் அழுதுகொண்டே வந்தான். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அடிக்காகக் காத்திருந்தேன். விழவில்லை.

மறுநாள் புங்கமரத்தடியில் தம்பி எதிர் வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிதாக ஒரு சிலுவை வரைந்தேன்.

“என்னடி, இன்னிக்கு ஈ இல்லியா?” என்றாள் மூக்கைப் பொத்துகிறவள்.

“என்னிக்குமே ஈ இல்ல. அது சிலுவைதான்.”

இரண்டு பேர் எழுந்துபோனார்கள். மூன்றாமவள், “எனக்குப் பசிக்குது, நீங்க போங்கடி” என்று கூழை விடாமல் குடித்தாள். எதிரே தம்பி என்னுடையதைவிடப் பெரிய சிலுவையாகப் போட்டான். அடுத்த ஞாயிறு சாமியாரிடம், “ஒண்ணுதான் சாமி” என்று சொல்லித் தேறினான்.

அந்த ஒரு வாரத்துக்குள் வந்த சந்தை நாளில், கீழப்பழுவூருக்கு அம்மாவோடு கத்தரிக்காய் விற்கப் போயிருந்தேன். கூடையை இறக்கியபோது, சிலுவை பொறித்த தாலி சேலைக்கு வெளியே தொங்கியது. சந்தைக்குள் நுழையுமுன் அம்மா எப்போதும் அதை உள்ளே தள்ளி, முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். மறந்துவிட்டாள் என்று நினைத்துக் காதருகே போய், “அம்மா, தாலி வெளிய கெடக்கு” என்றேன்.

“கெடக்கட்டும்” என்றாள்.

திருடர்களுக்குப் பயந்துதான் அம்மா அதை மூடுவதாக நான் நம்பியிருந்தேன். ஆகவே சந்தை கலையும்வரை, அது யார் கண்ணிலும் படாதபடி, அம்மாவுக்கு முன்னால் காவல் நின்றேன்.