சுகந்தி சோதித்த கதவுகள்

சுகந்தி போய்விட்டாள் என்ற செய்தி மெட்ரோவில், கரோல் பாக்கில் கதவு மூடுகிற நேரத்தில் வந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கியிருக்கலாம். எழுந்திருக்கத் தோன்றவில்லை. எங்கெங்கோ போய்விட்டு எதிர் வண்டியில் திரும்பினேன். அவளோடு வேலை பார்த்தவர்களில் தமிழ் வாசிப்பவர்கள் நாலைந்து பேர் இருப்போம். அவர்களுக்கும், சிறுவயதிலிருந்து அவளைத் தெரிந்த சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவளுக்கே இதை வாசிக்க வந்திருக்காது. தில்லியில் பிறந்தவள், வீட்டில் பேசிய திருநெல்வேலித் தமிழ் மட்டும் நாக்கில் இருந்தது, நடுநடுவே இந்தியோடு.

கணவருக்கு மாற்றலாகி தில்லி கோல் மார்க்கெட்டுக்கு வந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவளுக்கு இங்கே கிடைத்தது, கரோல் பாக்கில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சோதனை வேலை. மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அறை. சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டிக்கொண்டார்கள். ஒப்பந்தக் காலம் முடியாமல் அவை கைக்கு வராது என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுக்க வந்தவள் சுகந்தி, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அவள் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை.

“உள்ள வந்துட்டிய, அச்சா. எப்படி வெளிய போறதுன்னு கேட்டியளா அக்கா?”

கேட்டிருக்கவில்லை. அவளும் கேட்காமல் சேர்ந்தவள்தான். அவளுடைய சான்றிதழ்களும் அதே அலமாரியில் கிடந்தன.

முதல் வாரம் ஒரு நுழைவுத் திரையைக் கொடுத்தாள். சரியான பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டேன், திறந்தது. “நல்லா வேலை செய்யுதே” என்றேன். அவள் சிரித்தாள். “தெறக்கணும்னுதான அவன் எழுதியிருக்கான். அதைப் பாக்கவா நம்மள வச்சிருக்காவ? எதைச் செஞ்சா மாட்டிக்கும்னு பாருங்க.” பெயரைப் போடாமல் பொத்தானை அழுத்தச் சொன்னாள். பாதியில் இணைப்பைப் பிடுங்கச் சொன்னாள். எதைத் தொடும் முன்பும் என்ன நடக்க வேண்டும் என்று எழுதிவிட வேண்டும் என்பதில் மட்டும் விடாப்பிடி. “பாத்துட்டு எழுதினா, வந்ததுதான் சரின்னு மனசு சொல்லிரும்க்கா.” இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளுக்கு ஒரு சின்னப் பெண்ணிடம் இதைக் கேட்க எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

பிறகு ஒரு பெண்கள் விடுதிக்காகக் கதவுகளைப் பூட்டுகிற மென்பொருள் வந்தது. கார்டைக் காட்டினால் கதவு திறக்கும். அந்நியர் கார்டு, காலாவதியான கார்டு, தொலைந்த கார்டு என்று யார் யாரெல்லாம் உள்ளே வரக்கூடாது என்பதையெல்லாம் பிரிவில் எல்லாரும் மாய்ந்து மாய்ந்து சோதித்தோம். எல்லாம் சரியாக இருந்தது. சுகந்தி மட்டும் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. “மின்சாரம் போனா உள்ள இருக்க பொண்ணுங்க எப்படி வெளிய வருவாங்க? ஒருத்தரும் பாக்கலையே” என்றாள். மேலாளருக்குக் கோபம் வந்தது. வாடிக்கையாளர் அதைக் கேட்கவே இல்லை, இன்று கையெழுத்து வராவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம், சான்றிதழ் கோர்ட்டுக்குப் போனாலும் கிடைக்காது என்றார். சுகந்தியின் அப்பா படுக்கையில் இருந்தார். அவள் ஒருத்தி சம்பளம்தான்.

“ஒரு தடவை பார்த்துவிடுவோம் சார். திறந்தால் இப்போதே போடுகிறேன்” என்று இந்தியில் சொன்னாள்.

அதே பூட்டை எங்கள் அறைக் கதவிலும் மாட்டியிருந்தார்கள். சுகந்தி மேலே போய், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு சாயா குடித்து முடித்ததும் திரும்பப் போடும்படி காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாள். மேலாளர், அவள், நான், மூவரும் உள்ளே. விளக்கு அணைந்தது. மேலாளர் கார்டைக் காட்டினார். கதவு அசையவில்லை. பூட்டுக்கு பேட்டரி இருந்தது; கார்டை அடையாளம் காணும் கம்ப்யூட்டருக்கு இல்லை. ஜூன் மாதம், ஏசியும் நின்றுவிட்டது. என் மூச்சு எனக்கே கேட்டது. மேலாளர் கண்ணாடிக் கதவைத் தட்டி, “பையா, லைட் ஜலாவோ, ஜல்தி” என்று விளக்கைப் போடச் சொல்லிக் கத்தினார். மேலே யாருக்கும் கேட்கவில்லை. இருட்டில் சுகந்தியின் குரல் மட்டும் நிதானமாக வந்தது. “எழுதிக்கோங்கக்கா. தெறக்கணும். தெறக்கல.”

விடுதிக்குப் போன கதவுகளில், கம்ப்யூட்டரைக் கேட்காமலே உள்ளிருந்து திறக்கும் பச்சைப் பொத்தான் ஒன்று சேர்ந்தது. வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளர் முன்னும் அவளை மேலாளர் அனுப்பவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் நான் சான்றிதழோடு வெளியேறினேன். அவள் அங்கேயே இருந்தாள். அத்தனை பேருக்கும் வழி பார்த்தவள் தனக்குப் பார்க்கவில்லையே என்று எனக்குக் கோபம், இன்னும் போகவில்லை. “அப்பாவ விட்டுட்டு புதுசா எங்க போய் நிக்க?” என்பாள். அப்பா போன அடுத்த குளிர்காலத்தில் அவளுக்கு நுரையீரல் கெட்டது.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தேன். முகத்தில் ஆக்ஸிஜன், பேசினால் இரைப்பு. அந்த வார்டின் கண்ணாடிக் கதவிலும் கார்டு காட்டும் பெட்டி இருந்தது. நர்ஸ்தான் என்னை உள்ளே விட்டாள். சுகந்தி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ளேருந்து கார்டு இல்லாம தெறக்குதாக்கா?”

“என்ன நடக்கணும், சொல்லு” என்றேன்.

“தெறக்கணும்.”

எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினேன். திறந்தது. அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று வெளியே ஓர் அடி வைத்துக் காட்டினேன். கதவு என் பின்னால் மூடிக்கொண்டது. பார்வை நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று வார்டு வாசலில் நின்ற காவலாளி சொல்லிவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாஸ்க்குக்குள் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மறுநாள் போவதற்குள் செய்தி வந்துவிட்டது.

இப்போது புது இடத்தில் நானும் சிலருக்கு இந்த வேலையைச் சொல்லித்தருகிறேன். அவளுடைய முதல் கேள்வியில்தான் தொடங்குகிறேன். அதையும் அந்தக் கட்டைவிரலையும் நான் வைத்துக்கொண்டேன். திரும்ப உள்ளே வர முடியுமா என்று அன்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.