எடை பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரை அப்பா எடை பார்த்துத்தான் வாங்கினார். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை.

திண்டுக்கல் பக்கம் எரியோட்டில் எங்களுக்குப் பாத்திரக்கடை. எவர்சில்வரோ பித்தளையோ, எதுவானாலும் எடைக்குத்தான் விலை. அப்பா ஒரு குடத்தைத் தூக்கிப் பார்த்து எடை சொன்னால், தராசில் பத்து கிராம்கூட மாறாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்த எனக்கும் இரண்டு வருடத்தில் அந்தக் கைப்பழக்கம் வந்துவிட்டது. யார் முகத்தையும் பார்த்துப் பேச எனக்கு வெட்கம். ஆனால் “எம்புட்டு இருக்கும்?” என்று அப்பா கேட்டால் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். எங்கள் கடையில் எந்தத் தப்புக்கும் மன்னிப்பு உண்டு, எடையில் பொய் சொல்வதற்கு மட்டும் கிடையாது. ஒரு முறை விளையாட்டுக்குக் கால் கிலோ கூட்டிச் சொல்லி வாங்கிய அறை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அக்கா திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஊர் பஸ்ஸைப் பிடிக்கச் சீக்கிரமே கிளம்பிவிடுகிறவளுக்கு அதில் முறை வருவதே அபூர்வம். கடைசி வருடம் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிக் காட்டினால்தான் பாஸ். அப்பா யோசித்து யோசித்து இருபத்தைந்தாயிரம் ஒதுக்கினார். அதற்கு மேல் ஒத்த ரூபாய் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்த விலைக்குக் கம்பெனி கம்ப்யூட்டர் வராது. பாகங்களை நாமே தேர்ந்தெடுத்தால் பொருத்திக் கொடுக்கிற கடை ஒன்று நாகல் நகரில், ஒரு மாடியில் இருந்தது. அக்கா நான்கு கடை ஏறி இறங்கி விலை விசாரித்து ஒரு சீட்டு எழுதியிருந்தாள். அதன் கடைசி வரியில் ‘ஸ்பீக்கர்’ என்று இருந்தது. அது எனக்காக. வீட்டில் பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கமே இல்லை.

அப்பா சீட்டைப் பார்க்கவில்லை. கேபினெட்டை விரலால் தட்டிப் பார்த்தார், அண்டாவைத் தட்டுவது போல.

“இது என்னப்பு, தகரம் அப்பளமாட்டம் இருக்கு? கனமா ஒண்ணு எடு” என்றார் கடைக்காரரிடம்.

கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கிற பெட்டிகளில் இரண்டைத் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுத்துவைத்தார். கடைக்காரருக்கு ஆச்சரியம்.

“கரெக்டுண்ணே! உள்ள காயில் நெறையா இருந்தாத்தான் கனக்கும். நல்ல சரக்கு அதுதான்.”

அத்தோடு அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஹார்ட் டிஸ்க்கை வாங்கிப் பார்த்து, “இதுதான்டா சாமான்!” என்றார். மவுஸின் அடியில் இருந்த உருண்டையைக்கூடக் கழற்றிக் கையில் உருட்டிப் பார்த்தார். கனமான கேபினெட்டும் கனமான பெட்டியும் சேர்ந்து அக்காவின் கணக்கைக் கவிழ்த்துவிட்டன. கடைசியில் கம்ப்யூட்டரின் நினைவகமான ராம் ஒன்றுதான் பாக்கி. அறுபத்து நான்கு எம்பி ராம் வாங்கினால் ஸ்பீக்கருக்குக் காசு இல்லை. முப்பத்திரண்டு வாங்கினால் ஸ்பீக்கர் வரும்.

“முப்பத்திரெண்டுல எங்க புரோகிராம் ஓடாதுப்பா. தொறக்கவே ரொம்ப நேரம் பிடிக்கும், அப்புறம் அப்படியே நின்னுரும்.”

“பாப்பா சொல்றது சரிதாண்ணே” என்றார் கடைக்காரர்.

“நீ விக்கிறவன். சொல்லத்தான் செய்வ.”

கண்ணாடி மேசைமேல் இரண்டு பச்சைத் துண்டுகள் இருந்தன. இரண்டும் ஒரே நீளம், இரண்டிலும் எட்டெட்டுக் கறுப்புச் சில்லுகள்; ஸ்டிக்கரில் இருந்த எண் மட்டும்தான் வேறு. ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. அப்பா கைக்கொன்றாக இரண்டையும் ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். அக்கா சீட்டை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

“ஏலே அப்பு, நீ பாரு. எது கனம்?”

வாங்கினேன். என் உள்ளங்கைகளில் இரண்டும் இம்மி வித்தியாசமில்லாமல் இருந்தன. மேசையோரம் ஸ்பீக்கர் பெட்டி திறந்தே இருந்தது. காதில் அன்று அப்பாவிடம் வாங்கிய அறையின் சத்தம் கேட்டது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

“இதுதான்ப்பா” என்று அறுபத்து நான்கை நீட்டினேன்.

“நெசமாவா?”

“ம். நல்லாக் கனக்குது.”

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்பீக்கர் பெட்டியை மூடினார்.

“அப்பப் பாட்டுப் பொட்டிக்குக் காசு பத்தாதேடா. பரவாயில்லையா?”

தலையை ஆட்டினேன். அப்பா என் பிடரியில் கைவைத்து லேசாக அழுத்தினார். “சரி, கனமானதையே போடுப்பா” என்றார்.

பஸ்ஸில் கேபினெட் என் மடியில் இருந்தது. அக்கா ஜன்னலோரம் சிரித்துக்கொண்டே வந்தாள். எங்கள் கடையில் யாராலும் ஏமாற்ற முடியாத மனிதரை, அதுவும் எடையில், ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குப் பயமும் பெருமையும் தாங்கவில்லை. அறை இன்றைக்கு விழுமோ நாளைக்கு விழுமோ என்று பல நாள் காத்திருந்தேன். விழவே இல்லை.

என் கைக்கு எடை பழக்கிய கை அவருடையது. அந்த இரண்டு துண்டுகளும் நான் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கையில்தான் அவ்வளவு நேரம் இருந்தன என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.