சவரிநாதனின் பத்து நிமிடப் பேச்சு

அச்சில் வந்த எதையும் நம்பிவிடுகிறவன் சவரிநாதன். இருமல் மூன்றே நாளில் நிற்கும் என்று மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்தால், நாலாம் நாளும் இருமுகிறவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில், முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தான். சேர்ந்தே பள்ளிக்கூடம் போனோம், சேர்ந்தே கல்லூரியில் சட்டமும் படித்தோம். அவனைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், பாவமாகவும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுதான் தொல்லை.

அவன் அப்பா சூசை, பெரிய சண்டைக்கு ஆள் சேர்த்தபோது தானாகப் போய்ப் பேர் கொடுத்தவர். சவரிக்கு அப்போது மூன்று வயது. அடுத்த வருஷமே பிரான்சின் வடக்கில் எங்கேயோ இறந்துவிட்டார் என்று ஒரு காகிதம் வந்தது. உடம்பு வரவில்லை. ஞானமேரியம்மா சட்டை தைத்துக் கொடுத்து மகனை வளர்த்தார். அப்பா பிரெஞ்சுக் குடிமகனாக வாழ்ந்து குடிமகனாகவே செத்தார் என்று சவரி அடிக்கடி சொல்வான். சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

1934இல் எங்களுக்குப் பேச்சுப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நடத்தியவர் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் முசியே பெர்த்தோ. வாரத்துக்கு ஒருத்தன் எழுந்து, கையில் காகிதம் இல்லாமல், பிரெஞ்சில் பத்து நிமிடம் பேச வேண்டும். வாதாடக் கூடாது, பிரசங்கம் கூடாது, யாரையும் புகழவும் கூடாது. ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். பேசி முடித்தபின், கேட்டவனுக்கு முன்னால் தெரியாத ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இதுதான் அவருடைய சட்டம்.

வருஷ முடிவில் நன்றாகப் பேசினவன் ஒருவனை அவர் தன் நண்பரான வக்கீல் ஒருவரிடம் சேர்த்துவிடுவார். என்னைப் போன்றவர்களுக்கு அது கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. சவரிக்கு அப்படியில்லை. அவன் மாமா அந்தோணி சைகோனில் ஒரு கிடங்கில் அவனுக்குக் காவல் வேலை பார்த்து வைத்து, வா வா என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். இங்கே வழி பிறக்காவிட்டால் அந்த வருஷமே கப்பலேற வேண்டியதுதான். புருஷனைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பப் பார்க்காதவள், மகனையும் ஏற்றிவிட வேண்டும். ஞானமேரியம்மா இதைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். யாராவது சைகோன் என்றால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

எங்களில் ஒருத்தன் ஐஸ் செய்யும் இயந்திரத்தைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னான். நான் தேனீயை எடுத்துக்கொண்டேன், தேனீயோடு யாருக்கும் தகராறு வராது. சவரி எடுத்தது, ‘குடிமகன் வோட்டுப் போடுவது எப்படி’. அந்த வருஷம்தான் அவனுக்கு வோட்டுப் போடும் வயது வந்திருந்தது. தேர்தலும் வந்தது. தலை கால் புரியவில்லை அவனுக்கு.

சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தான். வீட்டில்தான் ஒத்திகை. அரிசிப் பானைதான் வோட்டுப் பெட்டி, அம்மாதான் தலைமை அதிகாரி. சவரி வோட்டுச் சீட்டு வைத்த ஓர் உறையைப் பானைக்குள் போட்டதும் அவர் உரக்க, “ஆ வோத்தே!” என்று சொல்ல வேண்டும். ‘வோட்டுப் போட்டாயிற்று’ என்று அர்த்தம். பேரைப் படித்து, உறை பெட்டிக்குள் விழுந்ததும், ஊர் கேட்க அப்படிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பிரெஞ்சு தெரியாத அந்த அம்மா அதை மட்டும் சுத்தமாகச் சொல்வார். எத்தனை தரம் கேட்டாலும் சவரிக்குச் சிரிப்பு வரும். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான்.

“புத்தகத்துல இருக்கறதச் சொன்னா போதாது ஜூல். கண்ணால பாத்துட்டு வந்து சொல்லணும்” என்றான் என்னிடம்.

“பாக்க என்னடா இருக்கு? எங்கப்பா அந்தப் பக்கமே போனதில்ல” என்றேன்.

“போகாதவரு தப்பு அது.”

அவனோடு என்ன பேசுவது?

தேர்தலன்று காலை என்னையும் இழுத்துக்கொண்டு போனான். வெளுத்த சட்டை, தலைக்கு எண்ணெய், கையில் வாக்காளர் அட்டை. எங்கள் வட்டாரத்துக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வோட்டு. கதவு திறக்க இன்னும் நேரமிருந்தது. வாசலில் தடியோடு ஆட்கள் நின்றார்கள். பெட்டியைத் தயார் செய்வதைப் பார்க்க வேண்டும் என்று சவரி பக்கத்துச் சந்து வழியாகப் போய் ஜன்னலில் நின்றான். நானும் நின்றேன்.

உள்ளே மூன்று பேர் மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேர்களைப் படித்தார். இன்னொருவர் உறையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். மூன்றாமவர், காப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “ஆ வோத்தே” என்றார். அடுத்த பேர், அடுத்த உறை, “ஆ வோத்தே”. எதிரே ஒரு ஈ காக்கை கிடையாது. ஆனால் ஒரு பேரைக்கூட விடவில்லை, ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்கவில்லை. சட்டம் சொன்னது சொன்னபடி நடந்தது. எனக்குச் சிரிப்பதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

சவரியின் பேரைப் படித்தார்கள். அவன் வோட்டும் விழுந்தது.

“முசியே, நான் இங்க இருக்கேன்!” என்று ஜன்னலில் கையை நீட்டி அட்டையைக் காட்டினான். யாரும் திரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு பேர் வந்தது. சூசை, அவருடைய தகப்பன் பேர், தெரு, எல்லாம் சரியாக. உறை விழுந்தது. “ஆ வோத்தே.”

சவரி கம்பியைப் பிடித்துக்கொண்டான். அதற்குள் சந்துக்குள் அம்மாவாசை வந்துவிட்டார். எங்கள் பக்கத்துப் பெரிய மனிதருக்குத் தேர்தல் வேலை பார்ப்பவர், கையில் தடி. ஆனால் பேச்சு வெல்லம்.

“தம்பி, உன் வோட்டு ஆயிடுச்சி. வெயில் ஏறதுக்குள்ள வூட்டுக்குப் போ.”

“எங்கப்பா பேரையும் படிச்சாங்க. அவரு செத்து எத்தினி வருஷம் ஆவுது, தெரியாதா?”

“தெரியாம இன்னா? தங்கமான மனுஷன். அவருகிட்டப் போயி உனக்கு வோட்டு இல்லன்னு சொல்ல மனசு வருமா?”

கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தடியால் எங்கள் தோளைத் தொட்டுத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சவரி எல்லாவற்றையும் கொட்டினான். நான் எதிர்பார்த்தது ஒரு அழுகை, நாலு சாபம். ஞானமேரியம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, “சத்தமாவா கூப்டாங்க?” என்று கேட்டார்.

“யாரை?”

“அவரை. பேரைச் சத்தமாவா படிச்சாங்க?”

“ஆமாம்மா. அதுக்கென்ன?”

“சர்க்காருல இன்னும் அவரு பேரு இருக்குதுன்னா…” என்று இழுத்தார். “அந்தக் காயிதம் யாரு எழுதினதோ, யாரு கண்டா. பேரு மாறி வந்திருக்கலாம் இல்ல? செத்தவருன்னு தெரிஞ்சிருந்தா கூப்புடுவாங்களா சவரி?”

பதினேழு வருஷமாக அந்த அம்மா மனசில் எங்கேயோ மூடி வைத்திருந்ததை, அந்தக் காப்பி குடித்த மூன்று பேரும் திறந்துவிட்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து அவர் கோயிலுக்குப் போகும்போது நடையில் ஒரு வேகம் வந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பேச்சுக்கு ஒரு வாரம் இருந்தது. புத்தகத்தில் இருப்பதை மட்டும் பேசிவிட்டு இறங்கு, வக்கீலிடம் இடம் உனக்குத்தான் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அப்படிப் பேசியிருந்தால் கிடைத்துமிருக்கும். அவன் பிரெஞ்சு அவ்வளவு அழகு.

“முசியேவுக்குத் தெரியாது ஜூல். அவரு மாதிரி ஆளுங்களுக்குத் தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? தெரியாததாலதான் நடக்குது. நாம சொல்லணும், அவ்ளோதான்.”

வம்பு வரும் என்றுதான் நான் பயந்தேன். அடிப்பார்கள், கல்லூரியை விட்டு அனுப்புவார்கள், இப்படி என்னென்னவோ. வந்தது அதுவல்ல.

அந்த நாள் வந்தது. சவரி எழுந்து நின்றான். முதல் பாதி சட்டம். பிறகு ஒரு நொடி நிறுத்தி, “இனி, நான் பார்த்தது” என்றான். ஜன்னல், மூன்று பேர், காப்பி எல்லாவற்றையும் சொன்னான். காப்பி என்றதும் ஒருத்தன் சிரித்தான். “என் பேரைப் படித்தார்கள், நான் வெளியே நின்றேன்” என்றதும் வகுப்பே சிரித்தது. “பிறகு என் தகப்பனார் வோட்டுப் போட்டார். அவர் 1917இல் பிரான்சில் இறந்தவர்” என்றபோது பின்வரிசையில் ஒருத்தன், “என் தாத்தாவும் போட்டார்!” என்று கத்தினான். இன்னொருத்தன் தன் பெரியப்பாவைச் சொன்னான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். முசியே பெர்த்தோ கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவரும் சிரித்திருந்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சவரி சத்தம் அடங்கக் காத்திருந்து, மீதியையும் சொல்லி முடித்தான். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை.

முசியே நல்ல மனிதர்தான். அன்பாகத்தான் சொன்னார். “உன் உச்சரிப்பில் குறையில்லை. சொல்லும் விதமும் நன்று. ஆனால் இந்த வகுப்பின் சட்டம் உனக்குத் தெரியும். கேட்பவருக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும். நீ சொன்னது இந்த அறையில் யாருக்குத் தெரியாது? தெரியாதவர் கையைத் தூக்குங்கள்.”

யாரும் தூக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே சவரி மட்டும் மெதுவாகத் தன் கையைத் தூக்கினான். வகுப்பு மறுபடியும் சிரித்தது. அவன் வேடிக்கை செய்கிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

வக்கீலிடம் ஐஸ் இயந்திரக்காரன் சேர்ந்தான். சவரி மழைக்காலத்துக்கு முன்னால் கப்பலேறினான். போகும்வரை அந்தப் பேச்சைப் பற்றி யாரோடும் வாய் திறக்கவில்லை, அம்மாவிடமும்தான்.

அவனைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் ஏற்றிவிட்டு, நானும் ஞானமேரியம்மாவும் நடந்தே திரும்பினோம். முத்தியால்பேட்டை வந்ததும் அவர் வாசலில் நின்று கேட்டார்.

“எம்புள்ள சரியாப் பேசலியா ஜூலு?”

“நல்லாத்தாம்மா பேசினான்.”

“அப்புறம் ஏன் எடுத்துக்கல?”

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. “அன்னிக்கு ஜன்னல்ல பாத்ததை, எல்லாருக்கும் தெரிஞ்சதைத்தான் சொன்னாம்மா” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

“அவங்கப்பா செத்தது எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சுதானா கூப்டாங்க?”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கதவைத் திறந்து உள்ளே போனார். அன்றுதான் அவர் விதவையானார்.