சுவர் இல்லாத வாசக்கால்

பல் துலக்கிக்கொண்டே வாளிக்குள் குனிந்து பார்க்கிறார் பூவராகவன். உள்ளே இரவெல்லாம் ஊறிய செங்கல். எடுத்துப் புரட்டி, விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்கிறார். மதிலில் சாய்த்திருக்கும் பலகையையும் ஒருமுறை முகர்ந்து பார்த்த பிறகுதான் வாய் கொப்பளிப்பார். எதிர்வீட்டுக்காரனான எனக்கு இந்தத் தரிசனம் தினமும் உண்டு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பித் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. அங்கே ஒரே பார்வையில் 'பாஸ்', 'ரிஜெக்ட்' என்று தள்ளிவிடுவாராம். வீட்டுத் தோட்டத்தில் ஓர் அறை கட்ட வேண்டும். அது மரத்திலா, கல்லிலா என்பதுதான் இன்னும் தீரவில்லை.

அறை அவர் மனைவி புவனேஸ்வரிக்கு. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறார்; ஊரில் நல்ல பெயர். 'புவனா ஆரி ஸ்டுடியோ' என்று போர்டுகூட எழுதி வைத்தாயிற்று. துணியை இழுத்துக் கட்டும் சட்டம் கட்டில் அளவுக்குக் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை ஒட்டி உட்கார்ந்துதான் பூவராகவன் சாப்பிட வேண்டும். ஆனி மாதத்தில் ஒருநாள், மரத்துக்கு ஏன் சூடு ஏறாது என்று விளக்கக் கையை வீசினார். சாம்பார் ஒரு மணப்பெண்ணின் பட்டு ரவிக்கையில் போய் விழுந்தது. புவனேஸ்வரி கத்தவில்லை. "தைக்குள்ள எனக்கு ரூம் வேணும். இல்லன்னா பஜார்ல பாத்துப்பேன்" என்றார்.

"இன்னும் டைம் கீது" என்றார் இவர்.

மிஷின் வந்து இறங்கிய பெட்டிகளின் பலகை சிப்காட்டில் மலிவு. அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லும் மலிவு. இரண்டும் மலிவாக இருந்ததுதான் வினை. வேலைக்குப் போகும் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களையெல்லாம் யோசனை கேட்டார். என்னையும் விடவில்லை. கல்லே கட்டுங்கள் என்றேன்.

"கட்னா கட்னதுதான் நைனா. நாளைக்கு பாகம் பிரிச்சா பேத்துகினு போவ முடியுமா?"

அடுத்த வாரம், சரி, மரமே போடுங்கள் என்றேன்.

"கரையான் இன்னா உன் ஊட்டு மாமனா, சொன்னா கேட்டுக்க?"

வீட்டுக்கு ஒரே பிள்ளை அவர். யாரோடு பாகம் பிரிப்பார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆவணியில் நல்ல முகூர்த்தம் வந்தது. விட்டால் புரட்டாசி, வீட்டு வேலை தொடங்கமாட்டார்கள். "சொவரு எதுவா இருந்தாலும் வாசக்காலு மரந்தானே" என்று மனிதருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஐயர் வந்து, மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானிய முடிச்சுக் கட்டி, தோட்டத்து நடுவில் வாசக்காலை நட்டாயிற்று. மூங்கில் முட்டோடு அது தன்னந்தனியாக நின்றது. கொத்தனார் தேசப்பன் தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து யாரும் அதைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. "பூசை போட்ட வாசலு, அதுல பூந்து போ" என்பார் பூவராகவன். துணி காயப்போட ஈர வாளியோடு புவனேஸ்வரியும் அதில் நுழைந்துதான் போவார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

ஐப்பசி மழையில் வாசக்கால் ஊறியது. "பாத்தியா, மரம் உப்புது" என்றார் சந்தோஷமாக. மறுவாரம், "கல்லும் தண்ணி குடிக்குது நைனா" என்றார். அதிலும் சந்தோஷம்தான்.

தை பிறந்தது. பஜாரில் மருந்துக்கடைக்குப் பின்னால் புவனேஸ்வரி ஓர் அறை பிடித்துவிட்டார். சட்டம் குட்டியானை வண்டியில் ஏறிப் போனது. பால் காய்ச்ச எங்களையும் கூப்பிட்டிருந்தார். கல்யாண வீட்டார் அன்றைக்கே துணியோடு வந்து காத்திருந்தார்கள். பூவராகவன் தாமதமாக வந்தார், முகம் தொங்கிப்போய். எனக்கே பாவமாக இருந்தது. புவனேஸ்வரி அவர் கையில் பால் டம்ளரைக் கொடுத்தார். மற்றக் கையில் அறையின் இன்னொரு சாவியை வைத்தார்.

"ஷிப்ட் முடிஞ்சதும் வந்துருங்க. நான் கடைக்கு கிடைக்கு போயிருந்தா, தொறந்து உள்ள உக்காருங்க."

தலையாட்டினார். பாலை ஒரு வாய் குடித்தார். மெல்ல மூலைப்பக்கம் நகர்ந்து, சாவி முனையால் சுவர்ப் பூச்சைச் சுரண்டத் தொடங்கினார்.

"இன்னா பண்றீங்க?" என்றார் புவனேஸ்வரி.

"ஒண்ணுமில்ல. உள்ள செங்கல்லா, சாம்பக்கல்லான்னு பாக்கறேன்."

புவனேஸ்வரி பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். அவர் டம்ளரைக் கொடுத்தார். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, புவனேஸ்வரி மறுபடியும் கையை நீட்டினார்.