ஜப்பானியச் சுருளும் இஸ்திரிப் பெட்டியும்

தண்ணீர் பட்டால் ஜப்பானியத் தூரிகை எழுத்து பள்ளிக்கூட நோட்டு மை மாதிரி கரைந்து ஓடிவிடும் என்று நம்பியிருந்தேன். பத்து வருடமாகப் பழைய சுருள்களைத் தேடித் தேடி வாங்கியவன், இதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

காரைக்காலில் ஐப்பசி அடைமழை. தளம் ஒழுகி, பீரோவின் மேல்தட்டில் இருந்த சுருள் நனைந்துவிட்டது. என்னிடம் இருப்பதிலேயே பழையது அதுதான். நாலே நாலு பெரிய எழுத்துகள். விரித்துப் பார்த்ததும் என் கையும் காலும் ஆளுக்கொரு பக்கம் ஓடின. மின்விசிறியைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். கடைசியில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன்.

"ஏங்க, அது என்ன வேட்டியா?" என்றாள் மனைவி.

"சும்மா இரு, மை ஓடுது!"

"மை எங்க ஓடுது? நீங்கதான் ஓடுறீங்க."

முதல் எழுத்தின் மேல் பெட்டியை வைத்து அழுத்தினேன். ஆவி வருகிறது என்று நினைத்தேன். புகை.

அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டி ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தேனா என்று நினைவில்லை.

மறுநாள், தஞ்சாவூரில் பழைய சுவடிகளைப் பராமரிக்கும் நண்பருக்குப் போன் போட்டேன்.

"புகைக்கரி மைங்க அது. இவ்வளவு வருஷம் காஞ்சது, லேசுல கரையாது. வெள்ளைத் துணியால ஒத்திட்டு நிழல்ல விட்டிருந்தா போதும்" என்றார்.

மழையில் மட்டும் நனைந்த மூன்று எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. நான் காயவைத்த ஒன்று தாளோடு கருகிவிட்டது.